பட்டம் கட்ட வராத தாய்மாமன்

டெல்லியில் கூட்டத்தொடர் முடிந்து ஊர் திரும்பினால் மாமா முதலில் வீட்டுக்குப் போகமாட்டார். பரமத்தி வேலூர் வெற்றிலை மண்டிக்குத்தான் போவார். ஏலம் முடிந்து ஈரச் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருக்கும் நேரமாக இருக்கும். பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எந்த மசோதாவுக்கு ஆம் சொன்னேன், எதற்கு இல்லை சொன்னேன் என்று ஒவ்வொன்றாக ஆரம்பிப்பார். யாரும் கேட்டதில்லை, அவராகத்தான் சொல்வார். அங்கே முக்கால்வாசி மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடும், எல்லாரும் சேர்ந்து சத்தம் போடுவார்கள், யார் எதற்குச் சத்தம் போட்டார் என்பது எங்கேயும் பதிவாகாது, அதனால் நானே வந்து சொன்னால்தான் உண்டு என்பது அவருடைய வாதம். மண்டிக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? சத்தம் போடுவதற்கு டெல்லி எதற்கு, நம் ஏலத்திலேயே போடலாமே என்று கிண்டலடிப்பார்கள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். அப்போது கல்லூரியிலிருந்து பஸ்ஸில் வரும் நான் அவரைப் பார்த்தால் அங்கேயே இறங்கிவிடுவேன். பஜ்ஜி வாங்கித் தருவார் என்பதுதான் காரணம், எனக்கு அரசியல் ஆர்வமெல்லாம் ஒரு மண்ணும் கிடையாது.

மாமா என்றால் என் அம்மாவின் அண்ணன். இரண்டு முறை எம்.பி.யாக இருந்தவர். இப்போது வயதாகிவிட்டது, வாழைத் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வருவதோடு சரி. சேலத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகள் போன வாரம் ஏதோ பாடத்துக்காக இணையத்தில் அவருடைய பழைய பக்கத்தைத் தேடி எடுத்தாள். வருகைப் பதிவு மற்றவர்களைவிடக் குறைவு, கேட்ட கேள்விகளும் குறைவு. தாத்தா அங்கே போய் என்னதான் செய்தார் என்று என்னிடமே கேட்கிறாள். எனக்கு வந்ததே கோபம். பிணம் அனுப்பிக்கொண்டிருந்தார், போதுமா என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், இதையெல்லாம் அவளுக்கு நாம் சொன்னதே இல்லையே என்று உறைத்தது.

எங்கள் பக்கத்து டிரைவர்கள் ஓட்டாத சாலை இந்த நாட்டில் இல்லை. அப்படி எங்கோ கண்காணாத ஊரில் வண்டி கவிழ்ந்து ஒருவர் இறந்துபோனால் பாஷை தெரியாது, போலீஸ் ஸ்டேஷன் தெரியாது, உடலை வாங்கவே நாள்கணக்கில் ஆகிவிடும். வீட்டுக்காரர்கள் நாமக்கல்லில் ஒப்பாரி வைத்துக்கொண்டு எம்.பி.க்குத்தான் போன் போடுவார்கள். மாமா சபையை விட்டு எழுந்து போய்விடுவார். ஆள் அனுப்புவது மட்டுமல்ல, பல தடவை அவரே ரயிலேறிப் போய்ப் பிணவறை வாசலில் நின்று, ஐஸ் பெட்டி பிடித்து, கோடித் துணி போர்த்தி ஏற்றிவிட்டிருக்கிறார். இதற்கெல்லாம் எந்தப் பக்கத்தில் பதிவு இருக்கும்?

அப்படி உடலாக வந்தவர்களில் ஒருவர் எங்கள் வண்டி டிரைவர். என் அப்பாவுக்கு இரண்டு லாரி. அதில் பம்பாய்ப் பக்கம் போகும் வண்டியை வெகுகாலமாக ஓட்டியவர் அவர்தான். அளவுக்கு மேல் பாரம், நடுவே தூக்கம் இல்லை, ஒரு மலையிறக்கத்தில் வண்டி புரண்டுவிட்டது. உடலோடு மாமாவே வந்தார். அப்பாவும் அவருமாகத்தான் பெட்டியை இறக்கினார்கள். மாமா அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அந்த டிரைவரின் மனைவியிடம், இதற்கு ஒரு சட்டம் வரும், வந்தால் முதல் ஓட்டு என்னுடையதாக இருக்கும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பிறகு மண்டியில் சொன்னார், மேடையில் சொன்னார். லாரி ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும், அல்லது கிறுக்கு வேண்டும். மாமாவுக்கு இரண்டும் இருந்தன.

அந்தச் சட்டம் மசோதாவாக வந்தே விட்டது. அதிக பாரம் ஏற்றினால் இனிமேல் டிரைவர் மட்டுமல்ல, உரிமையாளரும் குற்றவாளி. ஒரே டிரைவரை ஓய்வில்லாமல் ஓட்டவைத்தாலும் அப்படியே. அப்பா கொதித்துப்போனார். அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. வாடகையை ஏற்றாமல் பாரத்தை மட்டும் குறைக்கச் சொன்னால், பெரிய கம்பெனிக்காரன் தாக்குப்பிடிப்பான், ஒரு வண்டி இரண்டு வண்டிக்காரன் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும் என்றார். மச்சான் இதற்குக் கை தூக்கினால் அதோடு இந்த வீட்டு வாசலை மறந்துவிட வேண்டியதுதான் என்றும் சொன்னார். அம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கூடப்பிறந்தவன் வராத வீட்டில் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு என்ன மரியாதை இருக்கிறது? பொங்கலுக்கு, காதுகுத்துக்கு, கருமாதிக்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ஆள் வந்து நிற்க வேண்டும்.

இதில் கூத்து என்னவென்றால், பொத்தான் அழுத்திப் பெயரோடு பதிவாகும் அந்த ஓட்டெடுப்பு வைத்த நாள் என் கல்யாண நாள். காலையில் நாமக்கல்லில் முகூர்த்தம், பகலில் டெல்லியில் ஓட்டு, இரண்டிலும் ஒரு மனிதர் இருக்க முடியாது. செய்தி தெரிந்ததும் எங்கள் வீட்டில் எல்லார் முகத்திலும் உயிர் வந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் நெற்றியில் தங்கத் தகட்டுப் பட்டத்தைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். மாமா கல்யாணத்துக்கு வந்துவிட்டால் ஓட்டுப் போட முடியாது. எதிர்த்த மாதிரியும் இல்லை, ஆதரித்த மாதிரியும் இல்லை. கேட்டால், தங்கச்சி மகள் கல்யாணம் என்று சொல்லிக்கொள்ளலாம், யார் வாயைத் திறக்க முடியும்? அவருடைய கட்சியே ஒரு உத்தரவும் போடாமல், வராமல் இருந்தால் நல்லது என்று காதோடு சொல்லியிருந்ததாம். அப்பாகூட இறங்கிவந்து, வரட்டும், பழையதை மறந்துவிடலாம் என்றார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமா போன் செய்தார். அம்மாவிடம் பேசவில்லை, என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"சாமி, உன்ற கண்ணாலத்தச் சொல்லித் தப்பிச்சுக்கோன்னு எல்லாரும் சொல்றாங்க. உன்ற கண்ணாலம் எனக்கு ஒளியற எடமா சாமி? அப்படி வந்து கட்டுனா அது பட்டமா?"

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை, புரிந்துகொள்ளும் நிலையிலும் இல்லை. சின்ன வயதிலிருந்து, உனக்குப் பட்டம் கட்டும்போது என் கை நடுங்காமல் இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த மனிதர். ஊரெல்லாம் பார்க்க வெறும் நெற்றியோடு உட்காரச் சொல்கிறாரா? வராவிட்டால் போங்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று பட்டம் கட்டும் நேரம் வந்தது. தாய்மாமன் எங்கே என்று பெரியவர்கள் கேட்டார்கள். அம்மா தலையை நிமிர்த்தவில்லை. அம்மாவின் பெரியப்பா மகன் ஒருவர், அவரும் மாமன் முறைதான், தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அப்போதுதான் அப்பா எழுந்தார். இரண்டு நாளாக மாமாவை வாயில் போட்டு மென்றுகொண்டிருந்த அப்பா.

"அது மச்சான் எடமுங்க. வேற யாரும் கட்டோண்டாம். அப்படியே உட்டுருங்க."

எனக்கு அதுவரை வராத அழுகை அப்போது பொத்துக்கொண்டு வந்தது. பட்டம் இல்லாமலே தாலி ஏறியது.

பகல் பந்தியில் லாரிக்காரர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு மண்டப மேனேஜர் அறை டிவிக்கு முன்னால் கூடிவிட்டார்கள். சட்டம் நிறைவேறியது. யார் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பது திரையில் தெரியவில்லை. சற்று நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. மாமாதான், ஆம் என்று ஓட்டுப் போட்டதை வேறு யார் வாயிலிருந்தாவது தெரிவதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் அவருக்கு. அப்பா கேட்டார், போனை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பந்தி விசாரிக்கப் போய்விட்டார்.

மறுநாள் மோகனூரில் என் மாமியார் வீட்டு வாசலில் மாமா வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்து, கசங்கிய சட்டையோடு. என் மாமியாரிடம் கைகூப்பி அனுமதி கேட்டுவிட்டு, பையிலிருந்து பட்டத்தை எடுத்து, சாதாரண வீட்டுச் சேலையில் இருந்த என் நெற்றியில் கட்டினார். நான் முறைத்துக்கொண்டேதான் நின்றேன். முடிச்சுப் போடும்போது அவர் கை அப்படி நடுங்கியது. அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஆனால் அப்பாவின் கோபம் போகவில்லை. ஒரு வண்டியை விற்கும்படி ஆயிற்று. மாமா எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. அம்மா மட்டும் பஸ் ஏறிப் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு வருவாள். அப்பா தடுக்கவும் மாட்டார், எப்படி இருக்கிறார் என்று கேட்கவும் மாட்டார்.

அடுத்த தேர்தலில் லாரிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மாமாவை எதிர்த்தார்கள். அப்பா இருக்கிற ஒரே வண்டியில் எதிர்க்கட்சிக் கொடியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மாமா தோற்றுப்போனார், அதுவும் மோசமாக.

முடிவு வந்த அன்று சாயங்காலம் நானும் அம்மாவும் மாமா வீட்டில் இருந்தோம். அவரோடு சுற்றிய கூட்டத்தில் ஒரு ஆளைக் காணோம். முன்னறையில் மாமா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். வாசலில் பைக் சத்தம் கேட்டது. அப்பா. அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது, இன்னும் என்ன பேச வந்திருக்கிறாரோ என்று. மாமா எழுந்து, வாங்க மாப்ள என்றார். அப்பா உட்காரவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவாறே, எங்கேயோ பார்த்துச் சொன்னார்.

"மச்சா, நான் உங்களுக்கு ஓட்டுப் போடலீங்க."

"தெரியுமுங்க மாப்ள. நானுந்தான் அன்னிக்கு டெல்லியில உங்களுக்குப் போடலீங்களே."

அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்து, மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்க ரெண்டு பேருக்கும் சோறு போடு என்று அம்மாவிடம் சொன்னார்.