பொய்ப் போனில் கூவிய பத்துக் கிலோ நண்டு

ஐந்தாவதோடு நின்றுவிட்ட படிப்பு என்னுடையது. எழுத ஆரம்பித்தால் வாக்கியம் கோணிக்கொண்டு போகும், பாதியில் மறதியும் வரும். மன்னித்துப் படியுங்கள்.

என் மருமகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஏரி மீனையும் நண்டையும் போனிலேயே வியாபாரிகளுக்குச் சொல்லி விற்க ஒரு ஆப் செய்துகொண்டிருந்தாள். பொன்னேரி வியாபாரிகள் நாலைந்து பேர் அதைப் போனில் ஏற்றி வைத்திருந்தார்கள். "மொதல்லயே சொதப்புச்சுன்னா அப்புறம் ஒருத்தரும் தொடமாட்டாங்க அத்த" என்று தினமும் புலம்புவாள்.

அவள் லேப்டாப் திரையில் ஒரு போன் தெரியும். சிமுலேட்டராம். விரலுக்குப் பதில் மவுஸால் அழுத்த வேண்டும். கீழே விழுந்து உடையாது, தண்ணீரில் நனையாது. எனக்குப் பிடித்துப்போனது.

ஒரு நாள் காலையில், "இஷ்டத்துக்கு அழுத்துங்க அத்த. எங்க தப்பா போவுதுன்னு பாக்கணும்" என்றாள்.

"யாருக்காச்சும் போயிடப் போவுதும்மா."

"இது பொய்ப் போன் அத்த. யாருக்கும் போவாது."

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். கரையில் கூவி விற்பது என் ஓரகத்தி. நான் பக்கத்தில் கூடை பிடிப்பேன். பொய்ப் போன் என்றதும் எங்கிருந்தோ தைரியம் வந்தது. நண்டுப் படத்தை அழுத்தி, பத்துக் கிலோ போட்டேன். வீட்டு முகவரி அதில் ஏற்கெனவே இருந்தது. மைக்கை அழுத்தி, ஓரகத்தி மாதிரியே இழுத்துக் கூவினேன்: "உயிர் நண்டு! காலு ஆட்டினு கீது! பத்து மணிக்குள்ள வராதவன் வூட்ல இன்னிக்கு வெறும் ரசந்தான்!"

மருமகள் சிரித்ததில் காபி சிந்தியது.

ஒன்பதரைக்கு ஐஸ் பெட்டியோடு ஒரு வியாபாரி வாசலில் வந்து நின்றார். "இன்னா ஆயா, காலாட்டுற நண்டு எங்க?"

மருமகள் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்து வெளுத்துப்போனாள். போன்தான் பொய்யாம், சேதியை அனுப்புகிற சர்வர் நிஜமாம். சோதனை சர்வருக்கு மாற்ற மறந்துவிட்டாளாம். "இவரு வெறும் பொட்டியோட திரும்பினா, பொய் சொல்ற ஆப்புன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுவாரு அத்த" என்று என் காதில் சொன்னாள்.

எங்கள் வலை அன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஓரகத்தியும் ஊரில் இல்லை. "குந்துங்க, வந்துடும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். பெண்கள் கூடைகளோடு நின்றிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டேன்.

"நண்டு வேணும்! உயிர் நண்டு! பத்துக் கிலோ!"

"யாருடி இது, நம்ம எக்காவா?" என்றாள் ஒருத்தி. "இத்தினி வருசமா இந்தத் தொண்டைய எங்க வச்சினிருந்த?"

"விக்கிறவங்க சும்மா நிக்கிறோம், வாங்க வந்தவ கூவுறா!" என்றாள் இன்னொருத்தி.

சிரித்துக்கொண்டே நண்டுகளை என் கூடையில் போட்டு, கூடவே வீடு வரைக்கும் வந்துவிட்டார்கள்.

வியாபாரி தராசில் வைத்தார். எட்டுக் கிலோ. "பத்துன்னுதான கூவுன?"

"கூவும்போது இருந்துச்சு" என்று வாய் தவறி வந்துவிட்டது.

பெண்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். காசை அவர்களிடம் கொடுத்துவிட்டு, "நாளைக்கும் கூவு ஆயா, வரேன்" என்று பெட்டியை மூடினார். மருமகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்தப் பெண்களில் மூன்று பேர் அங்கேயே ஆப்பைப் போனில் ஏற்றிக்கொண்டார்கள்.

மூன்று பேரா, நாலு பேரா என்று எனக்கு நிச்சயமில்லை. சர்வர் விஷயத்தையும் நான் சரியாக எழுதினேனோ என்னவோ. அன்று கூட இருந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.