மரத்தில் தொங்கும் நீல மூடி

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் ஒரு தண்ணீர்ப் பாட்டில் மூடி தொங்கும். நீல நிறம். நடுவில் ஓட்டை போட்டு, வலை பின்னுகிற நைலான் நூலைக் கோத்து அப்பா முடிச்சுப் போட்டது. மரம் என்பதும் பேச்சுக்குத்தான். பெயிண்ட் வாளியில் மண் நிரப்பி நட்ட சவுக்குக் கிளை. சுற்றிலும் பெரியம்மா கொடுத்த கண்ணாடிப் பந்துகள், மணிகள், ஜிகினா. அத்தனைக்கும் நடுவில் அந்த மூடி. வருகிறவர்கள் குப்பை என்று நினைத்து எடுத்துப் போடப் பார்ப்பார்கள்.

அது குப்பை இல்லை. என் தங்கையுடையது.

அம்மா கிறிஸ்தவள். அப்பா குருசுக்குப்பத்து மீனவர், இந்து. இன்றைக்கும் இந்துதான். விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது அம்மாவுக்குக் குறைமாதத்தில் வலி வந்தது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாளாம்.

"புள்ளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா சாமியார் வரட்டும்னு காத்துனு இருக்காத. தலையில தண்ணி ஊத்தி, 'பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரால உனக்கு ஞானஸ்நானம் குடுக்கறேன்'னு சொல்லிடு. யாரு வேணா குடுக்கலாம். நீ கூட."

அந்த "நீ கூட"வை மட்டும் அப்பா இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

பிள்ளைக்கு ஒன்றாகிவிட்டது. இனி தாங்காது என்று நர்ஸம்மா சொன்னதும், அப்பா கையிலிருந்த பாட்டிலைத் திறந்து, மூடியில் தண்ணீர் பிடித்து அந்தச் சின்னத் தலையில் மூன்று தடவை விட்டார். அம்மா சொல்லிக்கொடுத்ததைத் தப்பில்லாமல் சொன்னார். ஆமென் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு வாய்ப் பழக்கத்தில் ஒன்றைச் சேர்த்துவிட்டார். போட்டைத் தண்ணீரில் தள்ளும்போது தினமும் சொல்வது: "கடலம்மா, காப்பாத்து."

வீட்டுக்கு வந்தபோது மூடி அவர் கைக்குள்ளேயே இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மா அதைக் கிளையில் மாட்டினாள்.

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அம்மாவின் அக்காவான பெரியம்மா ஒரு சொல்தா வீட்டு மருமகள். அந்த வீட்டுக்குப் பிரான்சிலிருந்து வரும் கண்ணாடிப் பந்துகளில் பாதி எங்கள் மரத்துக்கு வந்துவிடும். நல்ல மனசுதான். ஆனால் அந்த மூடியை அவரால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. "இது ஒரு ஞானஸ்நானமா? கடலக் கூப்ட்டானாம்! ஆண்டவர் காதுல எது விழுந்துச்சோ!" அப்பா பக்கத்து உறவுக்கு வேறு குறை. "செத்த புள்ள சாமான நல்ல நாளும் அதுவுமா மாட்டுவாங்களா?" ஆக, இரண்டு பக்கமும் சேர்ந்து ஒத்துப்போன ஒரே விஷயம் என் தங்கையை எடுத்துவிட வேண்டும் என்பதுதான்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கல்லூரிக்குப் போனதும் நான் செய்த முதல் துணிச்சல், பங்குச் சாமியாரிடம் நேராகப் போய்க் கேட்டது.

"தண்ணி ஊத்துனாரா?"

"ஊத்துனாரு ஃபாதர்."

"வார்த்தையச் சொன்னாரா? குடுக்கணும்னு மனசார நெனச்சாரா? அப்போ செல்லும். குடுக்கறவர் இந்துன்றதால ஒண்ணும் கொறையாது."

"கடலம்மான்னு சொன்னது?"

"அது ஆமென்னுக்கு அப்புறம்தான? விடுப்பா."

ஓடிவந்து பெரியம்மாவிடம் சொன்னேன். "அந்தச் சாமியாரே ஒரு சின்னப் பையன்" என்று முடித்துவிட்டார்.

இந்தக் கிறிஸ்துமஸ் வாரத்தில் எனக்காகப் பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பெரியம்மா கொண்டுவந்த கிறிஸ்தவச் சம்பந்தம். காலையிலேயே வந்து மரத்தைச் சரிசெய்தவர், மூடிக்கு அருகில் கை போனதும் என்னைப் பார்த்தார்.

"இன்னா இதுன்னு கேட்டா இன்னாடா சொல்லுவ?"

"என் தங்கச்சின்னு சொல்லுவேன்."

"அவ இருந்ததே ஒரு பொழுது."

"இருந்தா இல்ல, பெரீம்மா?"

பால் வாங்கப் போய்த் திரும்பியபோது மூடியைக் காணவில்லை. பெரியம்மா எடுக்கவில்லை. எடுத்தவர் அப்பா. சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு நின்றார்.

"உனக்கு நல்லது நடக்கணும்டா. நான் ஊத்துன தண்ணியால உன் வாழ்க்க கெட வேணாம்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. அவரை இப்படிப் பேசவைத்த எல்லோர் மேலும்.

"நீ ஊத்துன தண்ணியில இன்னாப்பா தப்பு?" என்று கேட்டு அவர் பையில் கைவிட்டு எடுத்தேன். பழைய இடத்தில் மாட்டவில்லை. பெரியம்மாவின் ஆகப்பெரிய வெள்ளிப் பந்தைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்தாற்போல் முன்னால் மாட்டினேன்.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். பெண்ணின் அம்மா எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்: "தம்பிக்குக் கூடப் பொறந்தவங்க?"

"ஒரே புள்ளைங்க" என்றார் பெரியம்மா, பட்டென்று. "எந்தப் பிக்கல் பிடுங்கலும் இல்ல."

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அப்பா பேசிவிட்டார். நாலு பேர் கூடிய இடத்தில் வாயே திறக்காதவர்.

"ரெண்டு பேரும்மா. இவன் பெரியவன். சின்னது அதோ." மூடியைக் காட்டினார். "பொறந்த அன்னிக்கே போயிடுச்சு. ஞானஸ்நானம் வாங்கினுதான் போச்சு. நான்தான் குடுத்தேன்."

பெரியம்மா "மோன் தியே, ஆண்டவரே" என்று நெற்றியில் கைவைத்தார். பெண்ணின் அப்பா மூடியையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க கிறிஸ்டியனுங்களா?"

"இல்லீங்க."

அம்மா எழுந்து அச்சு முறுக்குத் தட்டை அவர்கள் முன்னால் நீட்டினாள். அவள் முகம் அவ்வளவு நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள். பெரியம்மா வாசலிலேயே ஆரம்பித்தார்: "போச்சு. ஒரு பாட்டில் மூடிக்காக ஒரு பொண்ண உட்டுட்டீங்க."

இதை எழுதுகிறவரை பதில் வரவில்லை. வரட்டும், வராமல் போகட்டும். ஜனவரியில் மரத்தை எடுக்கும் மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் மூடி முன்னால்தான் தொங்கும். அடுத்த வருஷமும் அங்கேதான். இந்த வீட்டுக்கு மருமகளாக வருகிறவள் யாராக இருந்தாலும் அவளுக்கு ஒரு நாத்தனார் உண்டு. தெரிந்துகொண்டே வரட்டும்.