இரண்டு கரண்டி மிளகாய்த்தூள்

செலீன் அன்ரி ஒரு கேள்வி கேட்டால், சென் லோரன்ஸ் ஆறு எங்கள் லாசாலில் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் கடலுக்குப் போகும். கனடாவின் பத்து மாகாணத்து நீதிபதிகளும் அவவுக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழேதான் படுக்கிறார்கள். நான் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை.

பகலில் அவ புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் சப்பாத்துப் பெட்டி அடுக்குகிறா. சட்டம் படித்ததில்லை. மட்டக்களப்பில் பத்தாம் வகுப்போடு நின்றவ. நானும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், நாங்கள் இரண்டுபேரும் ஒரு கட்சி என்று ஒருநாள் சொன்னேன்.

"நான் விட்டது சண்டையால. நீ விட்டது நித்திரையால" என்றா.

அவவின் மகன் றொசான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, தகப்பன் ஒன்ராறியோவில் போய் இருந்துகொண்டு பிள்ளையைத் தெரியாது என்றுவிட்டாராம். அன்ரி பராமரிப்புக் காசு கேட்டுப் படிவம் நிரப்பினா. தான் பிறந்த கதையில் தொடங்கிப் பதினெட்டுப் பக்கம். கடைசி வரி: "அவர்தான் தகப்பன் என்று லாசால் முழுக்கத் தெரியும்." கட்டு நீதிமன்றத்திலிருந்து அப்படியே திரும்பி வந்தது. ஓரத்தில் யாரோ பிரெஞ்சில் கேட்டிருந்தார்கள்: இது உங்களுக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் தரம்தான் அது மாகாண எல்லையைத் தாண்டியது.

அன்றிலிருந்து அவவின் வாயில் ஒரே கேள்வி: "கண்டதோ, கேட்டதோ?" கோயிலில் பூசை முடிந்து யாராவது புதினம் கொண்டுவந்தாலும் இதே கேள்விதான். சனம் தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டுப் போய்விடும். ஆனால் அதே படிவத்தில் மாட்டுப்பட்ட பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவவின் குசினி மேசையைத் தேடி வருவார்கள். காசு வாங்கமாட்டா. ரோல்ஸ் கொண்டுபோனால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டா.

போன மாரியில் அந்த மேசையில் என் அக்கா ஜெயமதி போய் இருந்தா. மகன் லக்ஷனுக்கு அப்போது பதினொரு மாதம். தகப்பன் பிரசாந் அத்தான் கல்கரியில். பிள்ளை பிறந்த கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனவர், பிறகு ஒருநாள், "என்ர பிள்ளை எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று செய்தி அனுப்பினார். அதற்குப் பிறகு அக்கா வீட்டில் பாட்டுப் போடவில்லை. பிறப்புப் பதிவில் தகப்பன் பெயருக்கான இடம் வெறுமையாகக் கிடந்தது. முதலில் அது நிரம்பவேண்டும். பராமரிப்பெல்லாம் அதுக்குப் பிறகு.

எங்கள் கீழ்வீட்டு மரியம்மா அன்ரியும் கூடவே வந்திருந்தா. "மூக்கைப் பார் செலீன். அப்பிடியே அவன்தான். நான் சத்தியம் பண்ணுறன்."

"மூக்கைத் தபாலில அனுப்பேலாது, மரியம்மா அக்கா."

"சனமெல்லாம் சொல்லுது."

"சனம் வந்து கையெழுத்து வைக்குமோ?"

பிறகு செலீன் அன்ரி என் பக்கம் திரும்பினா. நான் அவவின் சீனிப் போத்தலில் உப்பு நிரப்பிக்கொண்டிருந்தேன்.

"தனோஜன், நீ என்ன கண்டனீ?"

நான் கண்டிருந்தேன். அத்தான் வந்த அன்று அவரின் தேத்தண்ணிக்குள் இரண்டு கரண்டி மிளகாய்த்தூள் போட்டுவிட்டு, போனில் வீடியோப் படம் எடுத்தேன். அவர் மடியில் பிள்ளை. ஒரு மிடறு குடித்துவிட்டு மனிசன் இருமின இருமலில் பிள்ளை வீரிட்டு அழுதது. கண்ணால் தண்ணி ஓட ஓட அவர் சொன்னார்: "அழாதையடா, அப்பாவுக்கு ஒண்டுமில்லை."

அன்ரி அதை மூன்று தரம் பார்த்தா. முதல் தரம் மட்டும் சிரித்தா.

"அப்பா எண்டு அவரே சொல்லுறார். ஆனா படம் எடுத்தவன் சொல்லவேணும், எங்க, எப்ப, எப்பிடி எண்டு."

அப்படித்தான் நான் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டி வந்தது. அதில் இப்படி ஒரு வரி: "மேற்படி தேநீரில் நான் இரண்டு கரண்டி மிளகாய்த்தூள் இட்டேன்."

"அதை விடுவமே, அன்ரி."

"விட்டா, பிள்ளையைக் கண்ட சந்தோசத்தில அழுறார் எண்டு நினைப்பினம். அது பொய் அத்தாட்சி."

சத்தியம் எடுத்த அலுவலர் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். "இரண்டு கரண்டியா?" என்று பிரெஞ்சில் கேட்டார். "வுய்" என்று தலையாட்டிக் கையை உயர்த்தினேன். நான் சொன்ன முதல் உண்மைக்கு முத்திரையும் குத்தித் தந்தார்கள்.

படமும் சேர்த்த கட்டு கல்கரிக்குப் போய்ப் பதில் வர நாலு மாதம். மரபணுப் பரிசோதனை கேட்க அத்தானுக்கு உரிமை இருந்தது. கேட்கவில்லை. பிள்ளை தன்னுடையது என்று கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டு, அக்காவுக்குப் போன் எடுத்தார்.

"மூண்டு நாள் தொண்டை எரிஞ்சது மட்டும்தான் ஞாபகம் இருந்தது, ஜெயா. அவனுக்கு என்ன சொன்னனான் எண்டதை மறந்துபோனன்."

அன்று எங்கள் வீட்டில் போட்ட பாட்டுக்கு மரியம்மா அன்ரி கீழே இருந்து தும்புத்தடியால் இடித்தா. நாங்கள் சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தோம்.

அடுத்த ஞாயிறு ரோல்ஸோடு போனோம். லக்ஷன் என் மடியில். அன்ரி எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, மூலப்படம் அழியாமல் இருக்கிறதா என்று பார்க்க என் போனை வாங்கினா. பகிடிக்காகத்தான் படத்தை வைத்திருந்தேன், மற்றப்படி இந்தப் பொடியனில் எனக்கு ஒரு பாசமும் இல்லை என்று அவவுக்கு எப்போதோ சொல்லியிருந்தேன்.

"இது என்ன, இரண்டாவது ஒண்டு?"

ஒன்பது விநாடிப் படம். தேத்தண்ணி இல்லை, அத்தான் இல்லை. அழுது முடித்த பிள்ளை கொட்டாவி விடுவது மட்டும். அதற்கு நான் வைத்திருந்த பெயர்: மருமகன்.

"மிளகாய் எங்க, மகன்?"

"தானா வெட்டுப்பட்டிருக்கும்."

"கண்டதோ, கேட்டதோ?"

கோப்பையை எடுத்து ஒரே மிடறாக விழுங்கினேன். உப்பு. நான் உப்பு நிரப்பிய அந்தச் சீனிப் போத்தலை இத்தனை மாதமும் எனக்கென்றே எடுத்து வைத்திருந்திருக்கிறா.

லக்ஷன் என் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "அழாதையடா, மாமாவுக்கு ஒண்டுமில்லை" என்றேன்.

அன்ரி பேனையை எடுத்தா. "கண்ணில தண்ணி நிக்குது. உப்பாலயோ, சந்தோசத்தாலயோ? சரியாச் சொல்லு, எழுதவேணும்."