மீராசாகிபு ஓவசியர் எடுத்த மண்கட்டு

மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் செய்தி வந்தது. எங்கள் வீதி இலாகாக் கந்தோரில் லொறி ஓட்டிய சிவலிங்கம் சைக்கிளை நிறுத்தி, "சேர், நண்டு ஓவசியர் மௌத்தாகிட்டாராம். விடியக் காலமை" என்றார். மீனை அவரிடமே கொடுத்துவிட்டு, பஸ்ஸும் பாதைப்படகும் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. நண்டு ஓவசியர் என்று நாங்கள் அழைத்த மீராசாகிபின் மூத்த மகன்தான் வாசலில் நின்றார். அவர் சொன்ன ஒரு கதை என்னைத் தூங்கவிடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மீராசாகிபு ஓவசியரோடு வீதி வேலையில் இருந்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அந்த மனுசனைப் பிடிக்கவே பிடிக்காது. இறந்தவரைப் பற்றி இப்படித் தொடங்கலாமா என்று முகம் சுளிக்காதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு என்னை ஏசுங்கள்.

சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். இறக்கக்கண்டிக்குப் போகும் வழியில் கடலோரக் களப்பில் விழும் ஓடை ஒன்றின் மேல் பழைய மரப்பாலம் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டுக் கொங்கிறீட் பாலம் போடும் வேலை எங்களுக்கு வந்தது. நான் பொறுப்பு உத்தியோகத்தர், அவர் எனக்குக் கீழே ஆட்களை வைத்து வேலை வாங்கும் ஓவசியர். வேலை முடியும்வரை வாகனங்கள் போக வேண்டுமே என்று ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டி ஒரு கட்டுப் போட்டோம். அடியில் இரண்டு குழாய். கோடைத் தண்ணீருக்கு அது போதும்.

பொழுதுபடச் சீமெந்து குழைத்த தாச்சிகளை ஆட்கள் ஓடையில்தான் கழுவுவார்கள். எல்லா வேலைத்தலத்திலும் அதுதான் வழக்கம். மூன்றாம் நாள் பார்க்கிறேன், ஓவசியர் கரையில் ஒரு பெரிய குழி வெட்டுவித்து, கழுவுகிற தண்ணீரையெல்லாம் அதற்குள் ஊற்ற வைத்திருக்கிறார். அதற்கு நாளுக்கு நான்கு ஆள், அரை மணித்தியாலம் வீண். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதென்ன விசர்க் கூத்து ஓவசியர்?" என்றேன்.

வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு, "சீமெந்துத் தண்ணிய நீங்க குடிப்பீங்களா சேர்? பின்ன மீன் மட்டும் என்ன பாவம் செஞ்சிச்சு?" என்றார்.

காலையில் முதல் வேலையாகச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, குழாய் வாயில் அடைத்த பாசிக் குப்பையைத் தோள்வரை கைவிட்டு இழுப்பார். அதில்தான் நாங்கள் அவருக்கு நண்டு ஓவசியர் என்று பட்டம் வைத்தோம். அவருக்கு அது தெரியும். "நண்டெண்டாலும் வளைக்கு வாசல் வெச்சிரிக்கிற நண்டு" என்று தானும் சேர்ந்து சிரிப்பார்.

சல்லி என்ற ஊரிலிருந்து இறால் பிடிக்க வரும் கனகம்மா என்ற பெண் ஒருநாள் என்னைத் தேடி வந்தார். "ஐயா, உந்தக் கட்டை மாரிக்கு முதல் எடுப்பியளோ? அங்கால ஒரு ஓடையில இப்பிடித்தான் போட்டவை, பிறகு ஒருத்தரும் எடுக்கேல்லை. தண்ணி நாறி, கண்டல் மரமெல்லாம் பட்டு, இறால் மருந்துக்கும் இல்லை. எங்கட அடுப்பு எரியிறது இந்தத் தண்ணியிலதான்" என்றார். "பாலம் முடிஞ்ச கையோட எடுப்பம், போங்கோ" என்றேன். பொய் சொல்லும் எண்ணம் அப்போது எனக்கு இருக்கவில்லை.

பாலம் முடிந்தது. கொழும்பிலிருந்து பெரியவர் வந்து நாடா வெட்டினார். மாலை, மேளம், சோடா எல்லாம் ஆயிற்று. மறுநாள் மண் தள்ளும் மிசின் கந்தளாய்க்குப் போய்விட்டது, அங்கே வேறு அவசர வேலை. மண்கட்டு அப்படியே கிடந்தது. வேலை முடிவுப் பத்திரத்தில் 'தற்காலிகக் கட்டு அகற்றப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். "சேர், கையெழுத்து வெச்சீங்களெண்டா பைலை மூடலாம்" என்றார் கிளார்க். வைத்தேன். அதை நான் நேரில் போய்ப் பார்க்கவில்லை. எடுக்கவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஐப்பசி பிறந்து, வானம் கறுக்கத் தொடங்கிய நேரம். குச்சவெளிக்கு ஒரு வேலை பார்க்க பஸ்ஸில் போகிறேன். பாலத்தில் பஸ் மெதுவாகிறது. கீழே இடுப்பளவு தண்ணீரில் ஓவசியர். கையில் மண்வெட்டி. கனகம்மாவும் சல்லி, இறக்கக்கண்டி ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் கட்டை வெட்டி, மண்ணைக் கூடை கூடையாகக் கரையேற்றிக்கொண்டிருக்கிறார்கள். வெட்டிய மண்ணைக் கண்டலுக்குள் கொட்டவும் விடவில்லை அந்த மனுசன். தன் லீவு முழுவதையும் இதற்குப் போட்டிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன்.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நன்றி சொல்ல இறங்கினேன் என்று நினைக்காதீர்கள்.

"ஊருக்கெல்லாம் என்னைப் பொய்யனாக்கிறீங்களோ?" என்று கத்தினேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "பொய்யாக்கல்ல சேர். ஒங்கட கையெழுத்த மெய்யாக்குறன். நான் மேலிடத்துக்கு எழுதினா மிசின் வரும், ஒங்கட உத்தியோகம் போகும். எழுதாட்டி மாரி வரும், இந்தச் சனத்துட சோறு போகும். ரெண்டும் வேணாமெண்டா இதுதான் வழி."

குரலில் கோபம் துளியும் இல்லை. கோபித்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பியிருப்பேன். கரையில் இன்னொரு மண்வெட்டி சும்மா கிடந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்க எவ்வளவு நேரம்? நான் இறங்கவில்லை. திரும்பிப் போய் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். அந்த வருடம் மாரி பேய் மழையாகக் கொட்டியது. ஓடை வெள்ளம் தங்காமல் களப்புக்கு ஓடியது. வயலும் தப்பியது, வலையும் தப்பியது.

வருட முடிவில் கந்தோரில் நடந்த கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய எஞ்சினியர் எழுந்து, தற்காலிகக் கட்டை மாரிக்கு முன் சுத்தமாக அகற்றிய உத்தியோகத்தர் என்று என்னைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினீர்கள். பின்னால் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்ற ஓவசியரும் தட்டினார். உண்மையைச் சொல்லாமல், எழுந்து கும்பிட்டுவிட்டு இருந்தேன். வெளியே வந்து, "ஓவசியர், நான்..." என்று இழுத்தேன். "வுடுங்க சேர். தண்ணி ஓடுதா? ஓடுது. பின்ன என்ன?" என்று சொல்லி, வெற்றிலைச் சரையை என் பக்கம் நீட்டினார். அதன் பிறகு இருபது வருடம், ஒரு வார்த்தை, ஒரு குத்தல் பேச்சு அவர் வாயில் வரவில்லை.

இனி, அன்றைக்கு அந்த மகன் சொன்னது. என் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "நீங்கதானா அந்த சேர்? இறக்கக்கண்டிப் பக்கம் போற நேரமெல்லாம் வாப்பா பஸ்ஸுக்குள்ள இருந்தே எங்களுக்கு அந்தப் பாலத்தக் காட்டுவாங்க. 'ஒரு சேர் இருந்தார், சொன்ன சொல்லுக்கு இங்க கெடந்த மண்கட்ட எடுத்துத் தந்தார், அதாலதான் இந்தக் களப்பு உசிரோட இரிக்கி' எண்டு."

பெற்ற பிள்ளைகளிடம்கூட அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கந்தோர்ப் பத்திரத்தில் மட்டுமல்ல, தன் வீட்டுக்குள்ளும் என் கையெழுத்தை மெய்யாக்கி வைத்திருந்தார். அந்த மகனிடம் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வெட்கம் கெட்டவன்.

அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்பீர்கள். ஒரு படம்கூட இல்லை. அந்தக் கூட்டத்தில் நீங்கள் தட்டிய கைதட்டல்தான் என்னிடம் இருக்கிறது. அது அவருடையது. அந்தக் கட்டை எடுத்தவர் மீராசாகிபு ஓவசியர், நான் அல்ல. இதை வாசிக்கும் யாராவது கிண்ணியாவுக்குப் போனால், தயவுசெய்து அந்தப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.