சேவியர் வாங்கிய ஆறரை மார்க்

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் சேவியர் போன் செய்தார். "சார், புக்கு வந்துடுச்சி. ஜல்தியா வாங்க."

சேவியர் திண்டிவனத்தில் டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். கடைக்குப் பின்னாலேயே வீடு. பழைய காமிக்ஸ் என்றால் உயிர். விழுப்புரத்தில் பஸ் ஏறினேன்.

மேஜைமேல் இருந்ததைப் புத்தகம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கண்ணாடி மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் பெட்டி. நாலு பக்கமும் ஒட்டி சீல் வைத்தது. உள்ளே, 1993 தீபாவளிக்கு வந்த ஒரு காமிக்ஸ். பெட்டியின் தலையில் லேபிள். அதில் 6.5 என்று ஒரு எண்.

விஷயம் இதுதான். சேவியரின் தம்பி மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவன் மூலமாகத்தான் புத்தகம் அங்கே போய் வந்திருக்கிறது. பழைய காமிக்ஸுக்கு மார்க் போடுவதற்கென்றே அங்கே கம்பெனிகள் உண்டாம். முதலில் 'பிரஸ்ஸிங்' - லேசாக ஈரம் காட்டி, சூடு கொடுத்து, கனமான பலகைகளுக்கு நடுவே அழுத்தி, மடிப்பையும் சுருக்கத்தையும் எடுப்பார்கள். அப்புறம் எவ்வளவு கசங்காமல் புதுசாக இருக்கிறது என்று பார்த்து, பத்துக்கு இவ்வளவு என்று மார்க். அப்புறம் பெட்டி. பெட்டியைத் திறந்தால் மார்க் செல்லாது.

அதாவது... இனிமேல் அதை யாரும் படிக்க முடியாது.

யாரோ ஒருவருடைய புத்தகமாக இருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். ஆனால் இந்தப் புத்தகத்தின் கதை எனக்குத் தெரியும். இதன் வாசகர் கடிதப் பகுதியில் விழுப்புரம் பிலோமினா எழுதிய கடிதம் இருக்கிறது. மெட்ராஸிலிருந்து வரும் புத்தகம் திண்டிவனத்தில் கிடைத்து ஒரு வாரம் கழித்துத்தான் விழுப்புரத்துக்கு வருகிறதே, நடந்து வந்தால்கூட இதைவிடச் சீக்கிரம் வராதா என்று ஆசிரியரைக் கேட்ட கடிதம்.

அதைத் திண்டிவனத்தில் படித்த இளைஞர் சேவியர் என்ன செய்தார்? அன்றைக்கே பஸ் ஏறினார். நிற்கக்கூட இடமில்லாத பஸ். புத்தகத்தை நீளவாக்கில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அச்சாகியிருந்த முகவரியைத் தேடிப் போய்க் கொடுத்தார். பிலோமினா அட்டையில் நீல மசியில் தன் பெயரை எழுதிக்கொண்டார். அப்புறம் ஒவ்வொரு மாதமும் பஸ். அப்புறம் கல்யாணம்.

அந்த இடுப்பு மடிப்பைத்தான் அமெரிக்காவில் சூடு வைத்து எடுத்திருக்கிறார்கள்!

"மடிப்பு போயே போச்சு பாருங்க சார்," என்றார் சேவியர் பெருமையாக. "அட்டையில இவ பேர் இருக்குது பாருங்க, அதனாலதான் மார்க்கு கொறஞ்சி போச்சி. பேனா எழுத்து இருந்தா கொறைச்சிடுவாங்களாம்."

பிலோமினா டீயைக் கொண்டுவந்து வைத்தார். கொஞ்சம் வேகமாகவே வைத்தார். "கேட்டீங்களாண்ணா? என் பேரு இவருக்கு ஒரு பேஜாரா பூடுச்சி. பொண்ணு ஹாஸ்டல்லேர்ந்து வந்திருக்குது. நீ எழுதின லெட்டரக் காட்டும்மான்னு கேக்குது. எத்தக் காட்டுறது? அட்டயத்தான் காட்டணும்."

அவர் எழுதி அச்சில் வந்தது அது ஒன்றுதான். வேறு பிரதி கிடையாது.

எனக்கு வந்ததே கோபம்! யாரும் தொடாத புத்தகத்துக்குப் பத்துக்குப் பத்து. ஆசையாக எடுத்துப் புரட்டிய புத்தகத்துக்கு அபராதம். பெயர் எழுதினால் குற்றம், மடித்தால் குற்றம். பிறகு எதற்கு ஐயா அச்சடித்தார்கள்? வாங்கிய தேதியை எழுதாமல் நான் எந்தப் புத்தகத்தையும் அலமாரியில் வைத்ததில்லை. அந்தக் கணக்கில் என் வீட்டில் இருப்பது எல்லாமே குப்பை!

இதையெல்லாம் சேவியரிடமே சொன்னேன். அவர் அசையவில்லை. "தொறந்தா நம்பர் பூடும் சார்."

"லெட்டர்ல ஒரு வரி வுடாம எனக்கு ஞாபகம் இருக்குது," என்றார் பிலோமினா. "மரியாதயாத்தான் கேட்டிருந்தேன்."

சேவியர் சிரித்தார். "மரியாதயாவா? 'திண்டிவனத்துக்காரர்கள் பிடித்து வைத்துக்கொள்கிறார்களா'ன்னு எங்க ஊரையே திட்டினவதான நீ?"

"அப்பிடி நான் எழுதவே இல்ல."

"எழுதின."

"இல்லங்க. சும்மா கத கட்டாதீங்க."

"எழுதினன்னு காட்டட்டுமா?"

"பெட்டிக்குள்ள வெச்சிக்கினு எப்பிடிக் காட்டுவீங்களாம்?"

சேவியர் எழுந்து போனார். கடையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். பெட்டியின் ஓரத்தில் குத்தி நெம்பினார். 'படக்'கென்று ஒரு சத்தம். அமெரிக்கா போட்ட ஆறரை மார்க் அதோடு சரி.

கடிதப் பகுதியைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டினார். எட்டிப் பார்த்தேன். அந்த வரி இருந்தது. எழுத்துக்கு எழுத்து அப்படியே.

பிலோமினா புத்தகத்தைக் கையில் வாங்கி நிதானமாகப் படித்தார். மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தார். பிறகு சேவியரைப் பார்த்துச் சொன்னார்:

"சரியாத்தான எழுதியிருக்கேன்? இப்பவும் ஒரு திண்டிவனத்துக்காரர்தான புடிச்சி வெச்சிருந்தாரு."