வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த அம்மா

செங்கம் சாலை காபிக் கடையில், ஆசிரமத்துக்குத் தியானம் செய்ய வந்திருந்த ஓர் அமெரிக்க அம்மாவைச் சந்தித்தேன். வெள்ளைப் பருத்திப் புடவை, ஆண்டுதோறும் வந்து பழகிய தமிழ். எதைச் சொன்னாலும் ஒருமுறை கண்ணை மூடித் திறந்த பிறகுதான் பேசுவார்.

அவர்கள் மாநிலத்தில் கவர்னரை மக்களே தேர்ந்தெடுப்பார்களாம். அதற்கும் முன்னால், கட்சியின் வேட்பாளர் யார் என்பதற்கே ஒரு தேர்தலாம். அதற்கான தன் வாக்கைத் தபாலில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

"நானும் எங்க கட்சியில இருபது வருஷமா வட்டச் செயலாளருங்க" என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அப்போ உங்க வேட்பாளரை எப்படி முடிவு பண்றீங்க?"

"டிவியில சொல்லுவாங்க. உடனே நாங்க பட்டாசு வெடிப்போம்."

"பிடிக்காதவர் பேர் வந்தா?"

"பட்டாசு முன்னாடியே வாங்கிடுவோங்க."

அவர் கண்ணை மூடினார். என் காபி ஆறிப்போன பிறகும் திறக்கவில்லை. தியானத்தில் ஆழ்ந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்து வந்தேன்.