பாம்பு கடித்தவனுக்கு டோக்கன் இல்லை

குணசேகரன் செத்துப்போன செய்தி, செனாவாங் தொழிற்சாலை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் நாசி லெமாக் ஆர்டருக்கும் ஷிப்ட் மாற்றத்துக்கும் நடுவே வந்தது. மாரடைப்பு. உடனே வரிசையாகக் கூப்பிய கைகள். அவனை வேலையைவிட்டுத் துரத்தியபோது வாயைத் திறக்காதவர்களின் கைகள். அதில் என்னுடையதும் ஒன்று.

அவனும் நானும் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொண்டவர்கள். கணினி தனக்குள் நடப்பதையெல்லாம் லாக் என்ற பதிவேட்டில் எழுதும். எழுதும்வரை செய்திகள் வரிசையில் காத்திருக்கும். வரிசை நிரம்பிவிட்டால் அடுத்து வருவது தொலைந்தது. புதுக் கணினிகளுக்கு அந்த வரிசையின் அளவை நாங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். தீபாவளிக்கு முந்தைய நாள் அது. வீட்டுக்கு ஓடும் அவசரத்தில், ஏற்கெனவே இருந்த சின்ன எண்ணை அப்படியே விட்டேன்.

குணா விடவில்லை. அளவே வைக்காமல் விட்டால் போகிறது என்றேன். மெமரி முழுவதையும் தின்றுவிடும் என்றான். அளவைக் கூட்டு, நிரம்பினால் அற்பச் செய்திகளைத் தள்ளு, பழுதுச் செய்திக்கு இடம் வை என்றான். ரந்தாவ் பக்கத் தோட்டத்தில் பிறந்தவன். அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர் இருபது டோக்கனோடு நிறுத்திவிடுவாராம். "இருமலுக்கு டோக்கன் குடுத்துட்டு, பாம்பு கடிச்சவன நாளைக்கு வான்னு அனுப்புவாரு. நீயும் அதத்தான் செய்யுற லா," என்றான். நான் சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

சில மாதங்களில் குளிரூட்டும் இயந்திரம் நின்று சரக்கெல்லாம் கெட்டது. அதை இயக்கும் கணினியின் லாக்கில் குணா உள்ளே நுழைந்த பதிவும், பிறகு இயந்திரம் நின்ற பதிவும் மட்டுமே இருந்தன. அவன்தான் நிறுத்திவிட்டான் என்றார்கள். பழுதைப் பார்க்கத்தான் நுழைந்தேன் என்றான். பழுதுச் செய்தியைக் காணோம். வரிசை நிரம்பியிருக்கும், இவனைக் கேளுங்கள் என்று என்னைக் காட்டினான். தொலைந்த செய்திகளின் எண்ணிக்கையைக் கணினி தனியே வைத்திருக்கும். அதைக் காலையிலேயே பார்த்துவிட்டேன், செய்திகள் தொலைந்துதான் இருந்தன. லாக் முழுதாக இருக்கிறதா என்று மேனேஜர் கேட்டார். ஆமாம் என்றேன். குணா என்னைப் பார்த்தான், வேலை அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தான், போனான்.

அந்த வாரமே அவன் சொன்ன அளவையும் விதியையும் எல்லாக் கணினியிலும் போட்டேன். பாராட்டினார்கள், வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அவன் சுங்கை காடுட்டில் காவலாளியானான்.

எட்டாம் துக்கத்தன்று அவன் மனைவி சாந்தி தேநீர் கொடுத்தாள். "அவருக்காகப் பேசுன ஒரே ஆளு நீங்கதான்னு சொல்லுவாரு அண்ணே. பதினாறாம் நாள் நினைவு ஏட்டுல போட நாலு வார்த்தை எழுதிக் குடுங்க."

ஏன் அப்படிச் சொல்லிவைத்தான்? பெருந்தன்மை என்பீர்கள். அவன் அவ்வளவு நல்லவன் இல்லை. என்றாவது ஒருநாள் இதை அவள் வாயால் நான் கேட்க வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பான்.

சாந்தி, நீங்கள் கேட்ட நாலு வார்த்தை இதுதான்: நான் பேசவில்லை. பொய் சொன்னேன். தொலைந்த செய்திகளின் எண்ணிக்கை இருந்த பக்கத்தை அன்றே அச்செடுத்துப் பூட்டிவைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம், நாளைக்குக் கொடுக்கலாம் என்றே வருடங்கள் போயின. அவன் நினைவாக என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். இத்துடன் வைத்திருக்கிறேன். இதையும் அச்சடியுங்கள்.